உன் மாமனார் காரின் கருகல் வாடை

அன்புள்ள மகனுக்கு,

உன் மாமனார் காரில் வந்துகொண்டிருந்த கருகல் வாடைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. தெரிந்த இடம், பெரம்பலூரில் அவர் வீட்டுக் கொல்லைக் கொட்டகை. தெரிந்த நேரம், செவ்வாய்க்கிழமை பிற்பகல். செய்திக்கு ஆதாரம் நானேதான். கருகிப்போன பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தேன், மோந்தும் பார்த்தேன். அவரும் உனக்கு எழுதியிருப்பார். அவர் கடிதம் என் கடிதத்துக்கு முன்னால் வந்திருந்தால் அதையும் படி. இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில் என்னுடையதை நம்பு. இந்தத் தாலுகாவின் செய்திகளை மதராஸ் பத்திரிகைக்கு அனுப்பியே தலை நரைத்தவன் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அவர் என்னை முந்திக்கொண்டு உனக்குச் செய்தி கொடுத்திருப்பார் என்று நினைத்தாலே எனக்குத் தாங்கவில்லை.

நேராகவே எழுதிவிடுகிறேன். எனக்கு உன் மாமனார் மேல் பொறாமை. அவர் மோசமான ஆளாக இருந்திருந்தால் இது சுலபமாக இருந்திருக்கும். பருத்தி வியாபாரி, குன்னத்துப் பக்கத்துச் சம்சாரிகள் அவர் எடை போடும்போது தராசைப் பார்க்காமல் வேறு பேச்சுப் பேசுகிறார்கள், அவ்வளவு நம்பிக்கை. என்னைக் கண்டால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார். பத்திரிகையில் நான் அனுப்பிய செய்தி வந்தால், மூலையில் நாலு வரியாக இருந்தாலும் படித்து வைத்துக்கொண்டு, பார்க்கும்போது அதைப் பற்றிக் கேட்கிறார். நீ இதுவரை ஒரு தடவையாவது கேட்டதுண்டா? நான் குறையாகச் சொல்லவில்லை. அவர் கேட்கும்போதெல்லாம் உன் ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான்.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. நீ மதராஸிலிருந்து எங்கே போவதாக இருந்தாலும் அரியலூரில்தான் இறங்கியாக வேண்டும். சாயங்கால வண்டி வந்து சேர்வதற்குள் பெரம்பலூர் போகும் கடைசி பஸ் கிளம்பிவிடும். உனக்குப் பெண் பார்க்கப் போன நாளிலேயே நான் இதை யோசித்து வைத்திருந்தேன். பெண் வீடு பெரம்பலூர் என்றதும் உன் அம்மா, "அவ்வளவு தூரமா?" என்றாள். "தூரமா இருந்தா என்ன, எறங்குறது நம்ம ஸ்டேஷன்லதானே, ராத்திரி நம்ம வூட்டுலதானே தங்கியாகணும்" என்றேன். அந்தக் கணக்கில் ஒரு காரை நான் சேர்க்கவில்லை.

தலைதீபாவளிக்கு நீ வந்தபோது பிளாட்பாரத்தில் நான் நின்றிருந்தேன். உன் பெட்டியை நான்தான் வாங்கினேன். ஸ்டேஷன் வாசலில் கார் நின்றது. உன் மாமனார் அதன் பக்கத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். தலைதீபாவளி என்றால் பெண் வீட்டுக்குத்தான் போக வேண்டும், அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் நீ என்ன செய்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பெட்டியை என் கையில் விட்டுவிட்டு நேராகப் போய் இன்ஜின் மூடியைத் திறந்தாய். அவர் ஏதோ சத்தம் வருகிறது என்றார். நீ தலையை உள்ளே விட்டுக்கொண்டு அவரை ஏறி ஸ்டார்ட் செய்யச் சொன்னாய், நிறுத்தச் சொன்னாய், மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னாய். நான் பெட்டியோடு நின்றேன்.

"சம்பந்தி, நீங்களும் ஏறுங்க, வூட்டுல எறக்கிவுட்டுட்டுப் போறேன்" என்றார் அவர்.

"நாலு எட்டு நடந்தா வூடு. நீங்க பொழுதோட போய்ச் சேருங்க."

நீ சீட்டில் உட்கார்ந்து, கிரீஸ் பட்ட கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, "வரேம்பா" என்றாய். உன் அம்மா உனக்காக அரைத்து வைத்திருந்த மாவில் அன்று ராத்திரி எனக்குத்தான் தோசை. நான் எத்தனை தின்ன முடியும்?

பிறகு தை பிறந்தது. காரில் வாடை வர ஆரம்பித்தது. எல்லா நாளும் வராது. வந்தால் கண் எரிகிற அளவுக்கு வரும், வீடு போய்ச் சேரும்போது அடங்கிவிடும். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் அந்த வண்டிக்குப் பின்னால் கரி அடுப்பு கட்டி ஓட்டினார்கள் அல்லவா, அதைக் கழற்றியபோது எங்காவது கரி மிச்சம் இருந்து புகைகிறதோ என்று அவர் முதலில் நினைத்தார். அதையெல்லாம் சுரண்டிக் கழுவியும் வாடை போகவில்லை. உனக்கு எழுதினார். நீ பதில் போட்டாய். சரக்கு வண்டியில் பருத்திப் பேல் ஏற்ற அரியலூர் வந்தவர் அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மாப்பிள்ளை நாலு பக்கம் எழுதியிருக்காருங்க சம்பந்தி. படிக்கட்டுங்களா?"

"தாராளமா படிங்க" என்றாள் உன் அம்மா. "எங்களுக்கு வர்றதெல்லாம் கார்டுதான். கவர்ல வந்தா எப்படி எழுதுறான்னு நாங்களும் தெரிஞ்சுக்கிறோம்."

அவர் படித்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தாய், அதை மறைக்க மாட்டேன். வாடை வந்த உடனே வண்டியை நிறுத்தி நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அதில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. கை பிரேக்கை முழுக்க விட்டோமா என்று பார்க்க வேண்டும். மேடு ஏறும்போது வந்தால் கிளச்சைச் சந்தேகப்பட வேண்டும். நின்ற இடத்திலேயே வந்தால் ஒயரின் ரப்பர் அல்லது விசிறியின் பெல்ட். நீலப் புகையாக வந்தால் சைலன்சர் குழாய் மேல் ஆயில் சொட்டுகிறது. இவ்வளவும் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி: "எங்கே கருகுகிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். எப்போது கருகுகிறது என்று பாருங்கள்."

அந்த வரியைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது என் வரி. உன் அக்கா மூக்குத்தியைத் தொலைத்துவிட்டு அழுதபோது வீட்டில் எல்லோரும் எங்கே போட்டாய், எங்கே போட்டாய் என்று அவளைப் பிடுங்கினார்கள். எங்கே என்று கேட்காதீர்கள், கடைசியாக எப்போது மூக்கில் இருந்தது என்று கேளுங்கள் என்று நான் சொன்னேன். துவைத்த துணிக்குள்ளிருந்து அதை நீதான் எடுத்துக் கொடுத்தாய். நான் தொழிலில் கற்றது அது ஒன்றுதான், உனக்குக் கொடுத்ததும் அது ஒன்றுதான். பட்டாளத்துக்குப் போய் மோட்டார் வேலை கற்றுக்கொண்டு வந்தாய், அதில் எனக்குப் பங்கு இல்லை. இந்த ஒரு வரியில் எனக்குப் பங்கு உண்டு. அது இன்னொருத்தர் சட்டைப் பையில் மடிந்து கிடந்தது.

அவர் போன பிறகு உன் அம்மா சொன்னாள்: "காருல நாத்தம்னு அவரு சொன்னதும் உங்க மொகத்துல ஒரு களை வந்துச்சு பாருங்க. பொங்கலன்னிக்குக்கூட அப்படி இல்ல."

"எனக்கு எதுக்குக் களை வருது?"

"அது உங்களுக்குத்தான் தெரியும். அடுத்த சனிக்கிழமை பையன் வரான். கார் கெட்டுக் கெடந்தா ராத்திரி இங்கதானே படுப்பான்."

நான் பேப்பரை எடுத்துக்கொண்டேன்.

உன் மாமனார் நீ எழுதியபடி ஒன்று விடாமல் செய்தார். சக்கரம் நாலும் ஒரே சூடு. கை பிரேக் சரி. ஒயரில் பழுதில்லை, பெல்ட் புதிது. மேட்டில் வரவில்லை, நின்ற இடத்தில் வரவில்லை. எப்போது என்பதையும் அவர் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கடியாரத்தைப் பார்த்துக் கவனித்தார். ஒரு நாள் மத்தியானம் வந்தது, ஒரு நாள் இருட்டும் நேரம் வந்தது, ஒரு நாள் நாலு மணிக்கே வந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று கையை விரித்தார்.

செவ்வாய்க்கிழமை அரியலூர் வந்தவர், திரும்பும்போது எங்களையும் அழைத்தார். நம் மருமகள் தனம் முழுகாமல் இருப்பது தெரிந்து தாய் வீட்டுக்கு வந்த பிறகு உன் அம்மா அவளைப் பார்க்கவில்லை. எனக்கும் மறுநாள் திருச்சி கோர்ட்டில் ஒரு வழக்குக்குப் போக வேண்டியிருந்தது, பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்துக்கொள்ளலாம். சரி என்று ஏறினோம். எனக்கு முன் சீட்டு. சாமான்களோடு உன் அம்மா பின்னால்.

"ஒண்ணு மட்டும் முடிவு பண்ணிட்டேங்க" என்றார் அவர் வழியில். "இந்த நாத்தம் தீராம மாப்பிள்ளைய இதுல ஏத்த மாட்டேன். சனிக்கிழமைக்குள்ள சரியாவலன்னா, அவரு ராத்திரி உங்க வூட்டுலயே தங்கிட்டு காலையில பஸ்ஸுல வரட்டும். தனத்துக்கிட்டயும் சொல்லிட்டேன்."

உன் அம்மா பின்னாலிருந்து இருமினாள். அது ஜலதோஷத்து இருமல் இல்லை.

குன்னத்தில் ஒரு பருத்திக் கணக்கு பேச வேண்டும் என்று அந்த வழியாகவே போனார். ஊருக்குச் சற்று முன்னால் ரோட்டின் அகலத்துக்கும் கொள்ளு பரப்பியிருந்தார்கள். காய்ந்த கொடி, நெற்றும் இலையுமாக. வருகிற வண்டிகள் ஏறிப் போனால் நெற்று வெடித்துக் கொள்ளு உதிரும், கோல் பிடித்து அடிக்கிற வேலை மிச்சம்; அறுப்பு நாளில் அந்தப் பக்கத்து ரோடெல்லாம் இப்படித்தான். ஓரத்தில் நின்ற சம்சாரி காரை அடையாளம் கண்டுகொண்டு கும்பிட்டார்.

"மொதலாளி, மெதுவா ஏத்திட்டுப் போங்க."

"இந்த ஓரமெல்லாம் அப்படியே கெடக்கேப்பா?"

"பஸ்ஸு நடுவாலயே போயிடுதுங்க. ஓரத்துக்கு யாரு வர்றா."

"இரு, பின்னால வரேன்."

கார் பின்னால் போனது. மறுபடி முன்னால் வந்தது. மறு ஓரத்துக்கும் அதே மரியாதை. சம்சாரி கவைக்கோலால் கொடியைச் சக்கரத்தின் முன் தள்ளித் தள்ளிக் கொடுத்தார்.

"என்னங்க, கார் ஏன் பின்னால போவுது?" என்றாள் உன் அம்மா.

"சம்பந்தி கொள்ளு அடிக்கிறாரு" என்றேன்.

அவர் சிரித்தார். "நமக்கு என்னங்க, ரெண்டு நிமிஷம். அவனுக்கு ஒரு நாள் வேலை."

குன்னத்தில் கணக்குப் பேசி முடித்துக் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் வாடை வந்தது. உன் அம்மா முந்தானையால் மூக்கை மூடினாள். "பாத்தீங்களா, வந்துடுச்சு" என்று அவர் சொல்லி, சட்டைப் பையிலிருந்து கடியாரத்தை எடுத்து மணி பார்த்தார். நான் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். காருக்குப் பின்னால் ரோட்டில் ஒரு கொள்ளுக்கொடி இழுபட்டு வந்துகொண்டிருந்தது.

அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்போது என்ற கேள்விக்குக் கடியாரம் பதில் சொல்லாது. எதற்குப் பிறகு என்று கேட்டால்தான் பதில் வரும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சனிக்கிழமை ராத்திரி நீ நம் வீட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. பெரம்பலூர் வரைக்கும் மழையைப் பற்றியும் பருத்தி விலையைப் பற்றியும் பேசிக்கொண்டு போனேன்.

வாசலில் தனம் நின்றிருந்தாள். முகம் தெளிவாக இருக்கிறது, உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்குக் காலையில திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போறோங்கத்தே. டாக்டரம்மா வரச் சொல்லியிருக்காங்க. மாமாவும் எங்களோட கார்லயே வந்துடலாமே. காலையிலன்னா நாத்தம் வராதுன்னு அப்பா சொல்றாங்க" என்றாள்.

காய்ந்த கொடி, சூடான குழாய், மேலே பலகை, அதற்கு மேல் அவள். உடனே உன் மாமனாரைக் கார் விட்டிருந்த கொட்டகைப் பக்கம் அழைத்துப் போனேன்.

"வழியில எங்கெல்லாம் நிறுத்துனீங்க?" என்று கேட்டேன்.

"குன்னத்துல ஒரு எடம்தானுங்களே. நீங்களும் கூட இருந்தீங்க."

"அதுக்கு முன்னால, கொள்ளு மேல?"

"அது நிறுத்துறதுங்களா? அது ஒத்தாசைங்க."

"போன தடவை நாத்தம் வந்தப்ப இந்த ஒத்தாசை உண்டா?"

அவர் யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார். "அறுப்பு ஆரம்பிச்சதுலேருந்து, அந்த ரோட்டுல போறப்பல்லாம் உண்டுங்க" என்றார் மெதுவாக.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரின் கீழே போனார். நானும் சட்டையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் படுத்தேன். இன்ஜினிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுற்றிக்கொண்டு போகும் நீளத் தண்டின் பின் கோடியில், பானை பருமனுக்கு ஒரு கரிய உருண்டை இருந்தது. ஆயிலும் புழுதியும் சேர்ந்து வார்ப்பிரும்பு மாதிரி இறுகிக் கிடந்தது. அதன் ஒரு பக்கம் சைலன்சர் குழாயில் உரசி, உரசிய இடம் கனிந்து சாம்பல் பூத்திருந்தது.

"இதா?" என்றார் அவர். "இதைப் போன வாரமே பாத்தேனுங்க. வண்டியோட சாமான்னுல்ல நெனச்சேன். கரி அடுப்பைக் கழட்டுனதுலேருந்து இதுல எது இருக்கணும், எது இருக்கக் கூடாதுன்னே எனக்குப் பிடிபடல."

தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு, தேங்காய் நாருரிக்கிற கத்தியால் அறுத்து அறுத்து எடுத்தோம். உள்ளே போகப் போகக் கருகாத கொடிகூட இருந்தது. ஒவ்வொரு தடவையும் புதுக் கொடி சுற்றும், வெளிப்பக்கம் கருகும், கருகியது உதிர்ந்ததும் வாடை அடங்கும்; அதனால்தான் வீட்டுக்கு வந்த பிறகு எதுவும் தெரியவில்லை. நான் ஒரு பிடியை எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன். நாலு பக்கக் கடிதத்தில் இல்லாத ஒன்று என் கையில் இருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இந்த வயதில் ஒரு மனிதன் அவ்வளவு சந்தோஷப்படக் கூடாது.

உன் மாமனார் முழங்காலில் எழுந்து உட்கார்ந்து சொன்னார்: "மாப்பிள்ளை அங்க இருந்துக்கிட்டே எப்படி எழுதுனாரு பாருங்க சம்பந்தி. எங்கன்னு தேடாதீங்க, எப்பன்னு பாருங்கன்னு. அந்த ஒரு வார்த்தைதான் இதைப் பிடிச்சுது." உள்ளே திரும்பி, "தனம், ஒன் வூட்டுக்காரர் சொன்னது சரியாப் போச்சு" என்று குரல் கொடுத்தார்.

தனம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சட்டையில்லாமல், முதுகெல்லாம் புழுதியாக நின்ற என்னைப் பார்த்தல்ல. உன் அப்பாவைப் பார்த்து. அது எனக்குப் புரிந்தது. அன்றைக்கு நான் உன் மேலேயும் பொறாமைப்பட்டேன் என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

இதோடு முடிந்திருந்தால் கார் சனிக்கிழமைக்குத் தயார். முடியவில்லை. அந்த உருண்டை சுற்றிய இறுக்கத்தில், தண்டு பின் அச்சுப் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஆயில் கசியாமல் பிடிக்கிற, சீல் என்கிற தோல் வளையம் கிழிந்து போயிருந்தது. பஸ் ஷெட் மிஸ்திரி வந்து பார்த்துவிட்டு, சீல் மாற்றாமல் ஓட்டினால் ஆயில் இறங்கிப் பல் சக்கரம் தேயும், சொட்டுகிற ஆயில் குழாயில் பட்டு மறுபடி கருகும் என்றார். அளவெடுத்து எழுதிக் கொடுத்தார். அந்தச் சீல் திருச்சியில்தான் கிடைக்கும். ஊரில் திருச்சிக்குப் போகிறவன் நான் இருக்கிறேன்.

"நீங்களே வாங்கிட்டு வந்துடுங்க சம்பந்தி. ஒங்க கைக்கு ராசி" என்றார் உன் மாமனார்.

புதன்கிழமை எல்லோரும் பஸ்ஸில் திருச்சி போனோம். தனமும் அவள் அம்மாவும் உன் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னதாகத் தனமே என்னிடம் சொன்னாள். நான் கோர்ட்டுக்குப் போனேன். இடைவேளையில் வெளியே வந்து சீல் வளையத்தை வாங்கிவிட்டேன். சாயங்காலம் பெரம்பலூர் பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிடும்போது அது என் சட்டைப் பையில் இருந்தது. கையில் கொடுத்து அனுப்பியிருக்கலாம். கிடைத்ததா என்று தனம் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. பஸ் புறப்பட்டுவிட்டது. நாங்கள் ரயில் ஏறி வீடு வந்து சேர்ந்தோம்.

சட்டையைத் துவைக்க எடுத்த உன் அம்மா பையில் கையை விட்டாள்.

"இது என்ன?"

"கார் சாமான்."

"தனத்துக்கிட்ட குடுத்து விட்டிருக்கலாமே?"

"மறந்துட்டேன்."

"நீங்களா?" என்றாள். சாப்பாடு போடும்போது, "சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பொண்ணு வாசல்ல நின்னுக்கிட்டிருக்கும்" என்றாள்.

அதை நான் யோசிக்கவில்லை. உன் மாமனாரை யோசித்தேன், உன்னை யோசித்தேன், காரை யோசித்தேன். இத்தனைக்கும் நடுவில் அந்தப் பெண் வாசலில் நிற்பாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தச் சீல் வளையத்தை மேஜை மேல், என் எதிரில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தோலும் தகரமும் சேர்ந்த ஒரு வளையம், குழந்தையின் கை வளையல் அளவு இருக்கும். இதற்குள் உன்னை ஒரு ராத்திரி பிடித்து வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி இன்றைக்கு எனக்கு இல்லை. ஆனாலும் கார் விஷயத்தில் ஒன்று சொல்கிறேன், மற்ற விஷயத்துக்கும் ஆகும். நாளைக்கு நீ பெரம்பலூரிலோ மதராஸிலோ சொந்தமாக ஷெட் வைத்தால், வண்டி கொண்டுவருகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். எங்கே போனோம், எங்கே ஏறினோம், எங்கே நிறுத்தினோம் என்று. யாருக்காவது ஒத்தாசையாகச் செய்ததை மட்டும் சொல்ல மாட்டார்கள். அதை அவர்கள் ஒரு காரியமாகவே நினைப்பதில்லை. நல்ல மனிதர்களிடம் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதைக் கேட்கத் தெரிந்துகொள். குடும்பத்திலும் ஒருத்தர் முகம் கருகினால், அவர் யாருக்காக எதைச் சுமந்தார் என்று கேட்டுப் பார். தனத்திடம் கேள். உன் அம்மாவிடம் ஒரு தடவை கேட்டாலும் நல்லது. என்னிடம் கேட்க வேண்டாம். நான் சுமந்தது என்னவென்று இந்தக் கடிதத்தில் இருக்கிறது.

இன்னொன்று. கொள்ளு மேல் காரை ஏற்றுவதை நிறுத்திவிடுங்கள் என்று உன் மாமனாருக்கு நீ எழுதுவாய். எழுதாதே. அவர் நிறுத்த மாட்டார், நிறுத்தவும் வேண்டாம். ஏற்றியதும் இறங்கி, கீழே குனிந்து, சுற்றியதை அறுத்துவிட்டுப் போகச் சொல். காரில் ஒரு கதிரரிவாள் கிடக்கட்டும். இதை நானே அவரிடம் சொல்லியிருக்கலாம். நீ சொன்னால்தான் கேட்பார்.

உறுதியாகாமல் இருப்பவை இவை. நாளை வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கண்டக்டரிடம் சீல் வளையத்தை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். உன் அம்மாவும் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட வருகிறாளாம், நான் கொடுக்கிறேனா என்று பார்க்க. கண்டக்டர் மறக்காமல் கொடுத்தால், மிஸ்திரி சாயங்காலத்துக்குள் மாட்டிவிடுவார் என்று உன் மாமனார் சொல்லியிருக்கிறார். மாட்டியபின் ஒரு நடை ஓட்டிப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியானால் சனிக்கிழமை கார் ஸ்டேஷனுக்கு வரும். "பின் சீட்டுல ஒங்க ரெண்டு பேருக்கும் எடம் இருக்கு, நீங்களும் எங்களோட பெரம்பலூர் வந்துடுங்க" என்று அவர் முன்கூட்டியே அழைத்துவிட்டார். அவர் அப்படிப்பட்டவர். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. போவதா இல்லையா என்று நாங்கள் முடிவு செய்யவில்லை. உன் அம்மா தன் நல்ல புடவையை எடுத்து வெளியே வைத்திருக்கிறாள்.

நீ இறங்கியதும் காரின் கீழே குனிந்து பார்ப்பாய், எனக்குத் தெரியும். பார். பெட்டியை நான் வைத்திருக்கிறேன். குனிவதற்கு முன்னால் ஒரு தடவை என் பக்கம் திரும்புவாயா என்பது மட்டும் தெரியவில்லை. சனிக்கிழமை சாயங்கால வண்டி வந்ததும் தெரிந்துவிடும்.

உன் அப்பா